திருச்சி சில்ட்ரன்ஸ் ரேபிட் செஸ் டோர்னமென்ட்: என் பொண்ணுக்கு எதிரா ஒரு தீர்ப்பு வந்துச்சு, அதுக்காகவே அடுத்த வருஷமும் அனுப்புவேன்

5க்கு 4 ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு கீழ சொல்றேன், மொதல்ல நல்லத சொல்லிடறேன்.

போன ஞாயித்துக்கிழம திருச்சியில நடந்த இந்த ஒரு நாள் டோர்னமென்ட்டுக்கு என் பொண்ண கூட்டிட்டுப் போயிருந்தேன். நாங்க கரூர். காலையில அஞ்சரைக்கு பஸ் ஏறி குளித்தலை வழியா ஏழரை மணிக்கெல்லாம் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்துட்டோம், அங்கயே இட்லி சாப்பிட்டுட்டு ஆட்டோ புடிச்சு மண்டபத்துக்குப் போனா எட்டேகாலுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் டேபிள்ல ஏற்கனவே அம்பது பேர் நிக்கறாங்க. இவ அண்டர் 11. பசங்க பொண்ணுங்க ஒண்ணா தான் ஆடணும், பிரைஸ் மட்டும் தனித்தனி. மொத்தம் ஏழு ரவுண்டு, ஸ்விஸ் முறை, ரேபிட்னா வேகமா ஆடற செஸ், ஒவ்வொருத்தருக்கும் 15 நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் 10 செகண்ட் சேரும். ஃபிடேங்கற உலக செஸ் அமைப்போட ரேட்டிங் கிடையாது, அதனால ரேட்டிங் எதிர்பாத்து யாரும் வராதீங்க, ஆடி பழகறதுக்குன்னு வர்ற டோர்னமென்ட் இது.

புதுசா வர்ற அம்மா அப்பாங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன், ஸ்விஸ்னா நாக்-அவுட் இல்ல, தோத்தாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க, ஏழு ரவுண்டும் எல்லாரும் ஆடலாம். ஒவ்வொரு ரவுண்டுலயும் ஒரே பாயின்ட் வச்சிருக்கறவங்களையோ பக்கத்து பாயின்ட்ல இருக்கறவங்களையோ மோத விடுவாங்க, ஒரு தடவ ஆடுனவங்க கூட மறுபடி வராது. அதனால மொத ரவுண்டுல தோத்துட்டு அழுத குழந்த நாலாவது ரவுண்டுல சிரிச்சுக்கிட்டு வரும், நானே பாத்திருக்கேன். யாருக்கு யார் எதிர்னு போர்டுல ஒட்டுற பேரிங் ஷீட்ட பாக்க ஆளுக்கு ஆள் முட்டிக்க வேண்டாம், செஸ் ரிசல்ட்ஸ் சைட்லயும் அந்தந்த ரவுண்டுக்கு ஏத்திட்டாங்க, மொபைல்லயே பாத்துக்கிட்டோம். இது ரொம்ப நல்ல விஷயம், சில இடத்துல சாயங்காலம் வரைக்கும் சைட்ல ஒண்ணும் வராது.

மண்டப வாசல்ல குகேஷ் படம் போட்டு பெருசா ஒரு பேனர் வச்சிருந்தாங்க. 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல அப்ப சாம்பியனா இருந்த டிங் லிரென ஜெயிச்சு 18 வயசுல உலக சாம்பியன் ஆனதுக்கு அப்புறம் எங்க தெருவுல மட்டும் நாலு குழந்தைங்க செஸ் கிளாஸ் சேந்துச்சுங்க, என் பொண்ணு அதுக்கு முன்னாடியே ஆடிக்கிட்டு இருந்தா, ஆனா அவளுக்கும் அந்த பதினாலாவது கேம் மனப்பாடம். அத எதுக்கு சொல்றேன்னா அவ சார் அந்த கேம வச்சுத் தான் கிளாஸ்ல பான் எண்டிங், அதாவது ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சுற கடைசி ஆட்டம், சொல்லிக் குடுத்தாரு. ட்ராவுல முடிய வேண்டிய கேம்ல டிங் லிரென் ரூக்க (நேர்கோட்டுல போற காய்) எஃப்2ல வச்சாரு (கட்டத்துக்கு ஏ முதல் எச் வரைக்கும் எழுத்து, 1 முதல் 8 வரைக்கும் நம்பர்), குகேஷ் ரூக்கையும் மாத்தி பிஷப்பையும் (குறுக்க போற காய்) மாத்தி வெறும் ராஜா சிப்பாய் ஆட்டமா ஆக்கி ஜெயிச்சுட்டாரு. "எல்லா காயும் போனதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கறது தெரியலன்னா உலக சாம்பியனா இருந்தாலும் தோக்கணும் பாப்பா" அப்படின்னு சொல்லி ரெண்டு மாசம் வெறும் ராஜா சிப்பாய் மட்டும் வச்சு ஆட விட்டாரு. அப்ப எனக்கு கோவமா வந்துச்சு, ஃபீஸ் கட்டறோம், ஓப்பனிங் சொல்லிக் குடுக்காம இதயே பண்ணிக்கிட்டு இருக்காரேன்னு. அது எங்க உதவுச்சுன்னு கீழ வருது.

ரவுண்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நடந்தது தான் எனக்கு மொதல்ல புடிச்சுது. சீஃப் ஆர்பிட்டர், அதாவது தலைமை நடுவர், மைக் புடிச்சு எல்லா குழந்தைங்களுக்கும் பெத்தவங்களுக்கும் சேத்து பத்து நிமிஷம் ரூல் சொன்னாரு, முழுக்க தமிழ்ல. தொட்ட காய ஆடணும். காய நகத்துன அதே கையால தான் கிளாக்க அமுக்கணும். காய சரியா நடுவுல வைக்கணும்னா மொதல்ல "அட்ஜஸ்ட்"னு சொல்லிட்டு தொடு. தப்பான மூவ் பண்ணி கிளாக்க அமுக்கிட்டா மொத தடவ எதிராளிக்கு ரெண்டு நிமிஷம் சேத்துக் குடுப்போம், ரெண்டாவது தடவ பண்ணா கேமே போயிடும். எந்த சந்தேகமா இருந்தாலும் கிளாக்க நிறுத்திட்டு கைய தூக்கு, பக்கத்து போர்டு பையன கேக்காத. கடைசியா பெத்தவங்கள பாத்து ஒண்ணு சொன்னாரு, "உள்ள நீங்க வந்தீங்கன்னா உங்க குழந்த உங்க மூஞ்சிய பாத்து ஆடும், போர்ட பாக்காது, அதனால மேல மாடியில உக்காருங்க". சொல்லிட்டு சும்மா விடல, மொத மூவ் ஆடறதுக்குள்ள ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு தான் "ஸ்டார்ட் த கிளாக்" சொன்னாரு.

மாடி இருக்கறது இந்த மண்டபத்தோட வரம். கல்யாணத்துக்கு ஃபோட்டோ எடுக்கறதுக்கு கட்டுன மாதிரி ஒரு பால்கனி, அதுல நின்னா பாதி போர்டு தெரியும், பேச்சு கேக்காது. பிள்ளைங்களும் நம்மள பாக்க முடியாது. நான் இதுக்கு முன்னாடி போன ஒரு ஊர்ல, பேர் வேண்டாம், அங்க ஜன்னல் பூரா அப்பா அம்மா தொங்கிக்கிட்டு "குதிர குதிர"ன்னு கண்ண காட்டிக்கிட்டு இருந்தாங்க, ஒரு தகராறு வந்தப்ப ஒருத்தரோட அப்பா உள்ளயே வந்து கத்துனதுல ஆர்பிட்டர் மொதல்ல சொன்ன முடிவ மாத்தி சொல்லிட்டாரு. மாத்துனது என் பொண்ணுக்கு பாதகமா தான். அன்னைக்கு ராத்திரி அவ கேட்ட கேள்வி, "அம்மா நீங்களும் கத்தியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேனா". அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதுக்கப்புறம் ஆறு மாசம் எந்த டோர்னமென்ட்டுக்கும் நான் அனுப்பவே இல்ல. இந்த தடவ திருச்சிக்கு போலாம்னு அவ தான் கேட்டா.

சரி, அஞ்சாவது ரவுண்டுக்கு வர்றேன், நான் இத எழுதறதே அதுக்காகத் தான்.

நாலு ரவுண்டுல மூணு பாயின்ட் எடுத்திருந்தா. அஞ்சாவதுல தஞ்சாவூர்ல இருந்து வந்த ஒரு பையன், இவள விட ஒரு வயசு சின்னவனா இருப்பான், நாற்காலியில முட்டி போட்டு தான் உக்காந்திருந்தான், ஏன்னா சாதா உக்காந்தா டேபிள் அவன் தாடைக்கு வருது. அவன் வெள்ள, இவ கறுப்பு. ரேபிட்ல மூவ் எழுத வேண்டியதில்லங்கறதால ஸ்கோர் ஷீட் கிடையாது, ஆனா திரும்பி வர்றப்ப பஸ்ல காந்த போர்டுல இவ முழு கேமையும் வச்சுக் காட்டுனா, அதனால எனக்கு வரிசையா தெரியும்.

அவன் ஆரம்பத்துலயே பிஷப்ப சி4க்கு கொண்டு வந்து குதிரய ஜி5ல ஏத்திட்டான். சின்ன பசங்க எல்லாம் இத தான் ஆடறாங்க, எஃப்7 சிப்பாய ரெண்டு காய் சேந்து அடிக்கும், தெரியாதவங்க டி5ல சிப்பாய தள்ளி அவன் வெட்டுனதும் குதிரயால திரும்ப வெட்டுவாங்க, உடனே அவன் குதிரய எஃப்7ல பலி குடுத்து ராஜாவ நடுத்தெருவுக்கு இழுத்துட்டு வந்துடுவான். இவ அங்க வெட்டல. சி6ல இருந்த குதிரய ஏ5க்கு கொண்டு போய் அவன் பிஷப்ப மெரட்டுனா. ஒரு சிப்பாய் நஷ்டம் தான், ஆனா அதுக்கப்புறம் எச்6, இ4னு சிப்பாய தள்ளி அவன் குதிரய தொரத்திக்கிட்டே நம்ம காயெல்லாம் வெளிய வந்துடும். மாடியில இருந்து பாத்தா அந்தப் பையன் அந்த ஏ5 குதிரய பாத்ததும் அது வரைக்கும் டக்கு டக்குன்னு ஆடிக்கிட்டு இருந்தவன் கைய எடுத்து கன்னத்துல வச்சுக்கிட்டான். அப்பவே எனக்கு தெரிஞ்சுது இவன் அடுத்தது படிக்கலன்னு.

அதுக்கப்புறம் இருபது மூவ் போல ரெண்டு பேரும் நல்லா தான் ஆடுனாங்க, நடுவுல நெறைய காய் மாறிடுச்சு. கடைசியில இவகிட்ட ராணி சி5ல, ரூக் இ5ல, பிஷப் சி6ல, ராஜா ஜி8ல. அவன்கிட்ட ராணி, ஒரு ரூக், ஒரு குதிர, இவள விட ஒரு சிப்பாய் அதிகம். ஆனா அவன் ராஜா ஜி1ல தனியா கெடக்குது. இவ திட்டம் ரூக்க இ2க்கு எறக்கறது, எறக்கிட்டா ராணியும் ரூக்கும் சேந்து எஃப்2 சிப்பாய புடிச்சுக்கும், அடுத்து எஃப்2ல வெட்டி செக், அப்புறம் ஜி2ல மேட். இந்த இ2வ அவ அவன் யோசிக்கற நேரம் பூரா யோசிச்சு வச்சிருக்கா. அவன் கிளாக்ல மூணு நிமிஷம், இவ கிளாக்ல ஒரு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல.

அவன் ரூக்க பி1ல இருந்து நேரா பி8ல கொண்டு போய் வச்சான். அது செக்.

இவ பாக்கல. கை ஏற்கனவே ரூக் மேல போயிடுச்சு, இ5ல இருந்து இ2ல வச்சு கிளாக்க அமுக்கிட்டா. மூஞ்சியில ஒரு சந்தோஷம் வேற. நான் மேல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன், எனக்கும் அது செக்னு தெரியல, இவ ஜெயிக்கப் போறான்னு தான் நெனச்சேன்.

அந்தப் பையன் கொஞ்ச நேரம் போர்ட பாத்தான், இவள பாத்தான், அப்புறம் சொல்லிக் குடுத்த மாதிரியே கிளாக்க நிறுத்திட்டு கைய தூக்குனான். ஒரு வார்த்த பேசல. அந்த வரிசைய பாத்துக்கிட்ட ஆர்பிட்டர் ஒரு மேடம், பசங்க எல்லாம் அவங்கள மிஸ்னு தான் கூப்பிட்டாங்க. அவங்க வந்து நின்னுக்கிட்டு பேசல, புடவைய ஒதுக்கிக்கிட்டு டேபிள் பக்கத்துல குத்த வச்சு உக்காந்துட்டாங்க, இப்ப ரெண்டு குழந்தைங்க மூஞ்சியும் அவங்க மூஞ்சியும் ஒரே உயரம். மொதல்ல பையன்கிட்ட என்னன்னு கேட்டாங்க, அவன் விரல வச்சு பி8ல இருந்து ஜி8 வரைக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டுனான். அப்புறம் இவகிட்ட "நீ சொல்லும்மா, இது செக்கா இல்லயா"ன்னு கேட்டிருக்காங்க. இவ பாத்துட்டு தலைய ஆட்டுனா.

அவங்க ரூக்க எடுத்து மறுபடி இ5லயே வச்சாங்க. கிளாக்ல அவனுக்கு ரெண்டு நிமிஷம் ஏத்துனாங்க. அதோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல, ராஜாவ எச்7க்கு தள்ளிட்டா செக்கும் போயிடும், இ2 மெரட்டலும் அப்படியே நிக்கும். இவ கை ராஜாகிட்ட போச்சு. மிஸ் கைய தடுக்கல, தொடல, மெதுவா சொன்னாங்களாம், "நீ மொதல்ல ரூக்க தொட்டுட்ட. ரூக்கால இந்த செக்க தடுக்க முடியும்னா ரூக்கத் தான் ஆடணும். முடியாதுன்னா மட்டும் தான் வேற காய். முடியுமான்னு நீயே பாத்து சொல்லு". ஒரே ஒரு கட்டம் தான் இருக்கு, இ8. அங்க வச்சா அவன் ரூக்கால வெட்டுவான், இவ பிஷப்பால திரும்ப வெட்டணும், ரூக் ரெண்டும் காலி, ஜி2வ பாத்துக்கிட்டு இருந்த பிஷப்பும் கடைசி வரிசையில போய் உக்காந்துடும், அட்டாக் மொத்தமும் போச்சு, மிச்சம் இருக்கறது ஒரு சிப்பாய் கம்மியா ஒரு எண்டிங்.

கொஞ்ச நேரம் இவ அப்படியே உக்காந்திருந்தா. புறங்கையால கண்ண தொடச்சுக்கிட்டது மேல இருந்து எனக்கு நல்லா தெரிஞ்சுது. அப்புறம் "முடியும் மிஸ்"னு சொல்லிட்டு ரூக்க இ8ல வச்சா. மிஸ் எந்திரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் பொதுவா சொல்லிட்டுப் போனாங்க, இன்னொரு தப்பான மூவ் வந்தா கேம் போயிடும், மெதுவா ஆடுன்னு.

மேல மாடியில எனக்கு பக்கத்துல நின்ன இன்னொரு அம்மா தான் மொதல்ல கேட்டாங்க, "அந்தப் பையன் செக்னு சொல்லவே இல்லயே, அப்ப இது எப்படி தப்பாகும்". எனக்கும் அதே கேள்வி வயித்துல எரிஞ்சுது, சொல்லியிருந்தா இவ பாத்திருப்பாள்ல. நேரா கீழ எறங்கி வாசல்ல நின்ன இன்னொரு ஆர்பிட்டர்கிட்ட கேட்டேன். அவர் கோவப்படல, என்ன உள்ளயும் விடல. அங்கயே நிறுத்தி பொறுமையா சொன்னாரு, "செக்னு வாயால சொல்லணும்னு ரூல் கிடையாதும்மா, வீட்ல நாம பழகுனது அது. சொல்லலன்னாலும் செக் செக் தான். பெரிய போட்டியில யாரும் சொல்றதே இல்ல". அப்புறம் ஒரு கத சொன்னாரு, 2017ல ரியாத்ல நடந்த உலக பிளிட்ஸ்ல (ரேபிட்ட விட வேகமான போட்டி) அப்ப உலக சாம்பியனா இருந்த கார்ல்சன் செக் குடுத்தப்ப எதிர்ல ஆடுன இனார்கியேவ் செக்குல இருந்து தப்பிக்காம பதிலுக்கு ஒரு செக் குடுத்துட்டாராம், கார்ல்சன் அத நிறுத்தி கேக்காம ராஜாவ நகத்திட்டாராம், உடனே இனார்கியேவ் கார்ல்சன் மூவ் தான் தப்புன்னு சொல்லி பெரிய பஞ்சாயத்தாகி, மொதல்ல ஒரு மாதிரியும் அப்புறம் வேற மாதிரியும் தீர்ப்பு வந்து கடைசியில பாயின்ட் கார்ல்சனுக்கு போச்சாம். "அவங்களுக்கே பதட்டத்துல செக் தெரிய மாட்டேங்குது, உங்க பொண்ணுக்கு பத்து வயசு தானே"ன்னு சொல்லி என்ன மாடிக்கு அனுப்பி வச்சாரு. நான் ஏறி வந்து அந்த அம்மாகிட்டயும் அதையே சொன்னேன், அவங்களும் சரின்னுட்டாங்க.

திரும்ப பாக்கும்போது ராணி ரெண்டும் மாறியிருந்துச்சு. என் கண்ணு போனது இவ கைக்கு. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அதும் மேல உக்காந்திருக்கா. ஒவ்வொரு மூவுக்கும் கைய வெளிய எடுக்கறா, ஆடறா, அதே கையால கிளாக்க அமுக்கறா, மறுபடி தொடைக்கு அடியில வச்சுக்கறா. சார் ரொம்ப நாளா சொல்ற விஷயம், யோசிச்சு முடிக்கற வரைக்கும் கை வெளிய வரக்கூடாதுன்னு, ஒரு நாளும் கேட்டதில்ல. அன்னைக்கு கடைசி வரைக்கும் அப்படியே ஆடுனா. கிளாக் இருபது செகண்டுக்கு கீழ போகும், மூவ் ஆடுனதும் பத்து ஏறும், மறுபடி எறங்கும். அந்த 10 செகண்ட் இன்க்ரிமென்ட் இல்லன்னா இந்த கேம் இல்ல. இன்க்ரிமென்ட் இல்லாம வெறும் 15 நிமிஷம் மட்டும் வைக்கற லோக்கல் டோர்னமென்ட் நெறைய இருக்கு, அங்க கடைசியில குழந்தைங்க செஸ் ஆடாது, கிளாக்க அடிச்சுக்கிட்டு தான் இருக்கும். சேத்துக் குடுக்கற இடமா பாத்து அனுப்புங்க.

அவன் குதிரயும் இவ பிஷப்பும் மாறிடுச்சு, ஓரத்து சிப்பாயெல்லாம் ஒண்ணொண்ணா போச்சு. மத்த போர்டெல்லாம் முடிஞ்சு குழந்தைங்க எந்திரிச்சு போயாச்சு, ஆர்பிட்டருங்க மூணு பேரும் தள்ளி நின்னு பாக்கறாங்க, ஒருத்தரும் டேபிள் மேல சாஞ்சு பாக்கல, வேடிக்க பாக்க வந்த ரெண்டு பசங்களையும் வெளிய அனுப்பிட்டாங்க. கடைசியில அவன்கிட்ட ராஜா சி5ல, சிப்பாய் டி5ல. இவகிட்ட ராஜா மட்டும், டி7ல. அவன் சிப்பாய டி6க்கு தள்ளுனான்.

இப்ப இவளுக்கு போக நாலு கட்டம் இருக்கு. சி8, டி8, இ8, முன்னாடி இ6. பாக்கறதுக்கு எல்லாம் ஒண்ணு மாதிரி தான் இருக்கும், மூணு கட்டத்துல தோல்வி, ஒரே ஒரு கட்டத்துல ட்ரா. நேரா பின்னாடி, டி8. பக்கவாட்டுல போனா அவன் ராஜா சி6க்கு வந்து நிக்கும், நாம திரும்ப நடுவுக்கு வர்றப்ப சிப்பாய் டி7க்கு வந்துடும், அப்புறம் வழி விட்டே ஆகணும். நேரா பின்னாடி போனா அவன் ராஜா சி6 வந்ததும் நாம எதிர சி8ல போய் நிக்கலாம், நேருக்கு நேர், நடுவுல ஒரு கட்டம். சிப்பாய் டி7ல செக் குடுக்கும், டி8க்கு திரும்பி வரலாம், அவன் சிப்பாய காப்பாத்த ராஜாவ டி6ல வச்சான்னா நமக்கு செக்கும் இல்ல, ஆட மூவும் இல்ல, அது தான் ஸ்டேல்மேட், கேம் ட்ரா. ரெண்டு மாசம் சார் இத மட்டும் தான் ஆட விட்டாரு.

இவ கைய வெளிய எடுத்தா. ராஜாவ தொடல, மேல புடிச்சுக்கிட்டே நிக்குது கை. திரும்ப தொடைக்கு அடியில போயிடுச்சு. கிளாக்ல பதினஞ்சு, பதினாலு, பதிமூணு. நான் மேல கம்பிய புடிச்சுக்கிட்டு இருக்கேன், எனக்கு இந்த ஒரு எண்டிங் மட்டும் தெரியும், இவளுக்கு எதிர் காய் நான் தானே தெனமும் ஆடுனேன். ஏழு செகண்ட் இருக்கும்போது கை வந்துச்சு, டி8ல வச்சா, அமுக்குனா.

அவன் சி6. இவ சி8. அவன் டி7. இவ டி8. அவன் ராஜாவ டி6ல வச்சுட்டு கிளாக்க அமுக்குனதும் இவ கைய தூக்கி "மிஸ், ஸ்டேல்மேட்"னு சொன்னா. மிஸ் வந்து பாத்துட்டு ரெண்டு பேர்கிட்டயும் "ஒத்துக்கறீங்களா"ன்னு கேட்டாங்க, அந்தப் பையன் கொஞ்ச நேரம் பாத்துட்டு தலைய ஆட்டுனான், கை குடுத்துக்கிட்டாங்க. எனக்கு அப்ப தான் மூச்சு வந்துச்சு.

வெளிய வந்ததும் நான் ஓடிப்போய் கட்டிப்புடிக்கலாம்னு பாத்தா அவ அந்தப் பையன் கூட மண்டபத்து படிக்கட்டுல உக்காந்து அவனோட போர்டுல பழைய பொசிஷன வச்சுக்கிட்டு இருக்கா. அவன் தான் காட்டுறான், "அக்கா நீங்க இங்க ராஜாவ எச்7 வச்சிருந்தீங்கன்னா எனக்கு ஒண்ணும் பண்ண முடியாது, நான் ரொம்ப பயந்துட்டேன்". அவங்க அம்மாகிட்ட பேசுனேன், அவங்க டிபன்ல இருந்து அதிரசம் எடுத்து ரெண்டு பேருக்கும் குடுத்தாங்க. பஸ்ல வர்றப்ப இவகிட்ட கேட்டேன், அந்த தீர்ப்புல உனக்கு கோவம் இல்லயான்னு. "ரூல் தானம்மா, நான் ரூக்க தொட்டேன்ல"ன்னு சொல்லிட்டு காய அடுக்க ஆரம்பிச்சுட்டா. ஆறு மாசத்துக்கு முன்னாடி கேட்ட கேள்விய இவ அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. டோர்னமென்ட் நடத்தறவங்க யாராவது படிச்சா சொல்றேன், நீங்க குடுக்கற கப்ப விட இது பெருசு எங்களுக்கு.

இனி அந்த ஒரு ஸ்டார் விஷயம்.

மொத குற, நேரம். ஒம்பதரைக்கு மொத ரவுண்டுன்னு போட்டுட்டு பத்தே காலுக்கு தான் ஆரம்பிச்சாங்க, லேட்டா வந்தவங்களுக்காக காத்திருந்தாங்களாம். சீக்கிரம் வந்தவங்க என்ன பாவம் பண்ணாங்க. 15 நிமிஷம் ப்ளஸ் 10 செகண்ட்னா ஒரு கேம் 60 மூவ் போனா ஒருத்தருக்கு 25 நிமிஷம், ரெண்டு பேருக்கு சேத்து 50 நிமிஷம், இத ஏழால பெருக்கி சாப்பாட்டு நேரமும் சேத்துப் பாருங்க. கடைசி ரவுண்டு முடிய ஆறரை ஆயிடுச்சு. சின்ன குழந்தைங்க ஆறாவது ரவுண்டுலயே தூங்கி விழுந்துச்சுங்க. அண்டர் 7க்கும் அண்டர் 9க்கும் அஞ்சு ரவுண்டு போதும்.

ரெண்டாவது, அதுக்கப்புறம் பிரைஸ் குடுக்க சிறப்பு விருந்தினர் வரணும்னு எட்டு மணி வரைக்கும் உக்கார வச்சது. அவர் வந்து பேசுனது நல்லா தான் இருந்துச்சு, ஆனா வெளியூர்ல இருந்து வந்தவங்க பாதி பேர் அதுக்குள்ள கெளம்பிட்டாங்க, பேர் கூப்பிடறப்ப மேடைக்கு வர ஆளே இல்ல. கப் வாங்கற குழந்த கை தட்டல் கேக்கணும்ல. என் பொண்ணு அஞ்சு பாயின்ட், கேர்ள்ஸ்ல நாலாவது இடம், சின்ன ட்ராஃபி ஒண்ணு. வாங்கிட்டு ஓடுனோம், கரூர் வர பதினொண்ணு ஆயிடுச்சு, மறுநாள் ஸ்கூல்.

மூணாவது நாற்காலி. கல்யாண மண்டபத்து டேபிள், பெரியவங்க சாப்பிடற உயரம். எட்டு வயசுக்கு கீழ இருக்கற பசங்க எல்லாம் அந்த தஞ்சாவூர் பையன் மாதிரி முட்டி போட்டுத் தான் ஆடுச்சுங்க, எதிர் வரிசையில இருக்கற காய எட்டி எடுக்கறப்ப சட்டக் கை பட்டு மத்த காய் விழுது, விழுந்தா அவங்க நேரத்துல தான் எடுத்து வைக்கணும். நீங்க போறதா இருந்தா ஒரு தலகாணியோ ரெண்டு தடிச்ச புக்கோ எடுத்துட்டுப் போங்க, நாற்காலியில போட்டுக்க விடறாங்க, நான் கேட்டுட்டேன்.

சாப்பாடு தக்காளி சாதம், தயிர் சாதம், எண்ட்ரி ஃபீஸ்லயே குழந்தைக்கு சேந்துடும், நமக்கு கூப்பன் வாங்கணும். ருசி பரவாயில்ல, சூடா இருந்துச்சு. தண்ணி கேன் ஒவ்வொரு வரிசை கடைசியிலயும் வச்சிருந்தாங்க, காலியாக காலியாக மாத்துனாங்க. பாத்ரூம் காலையில சுத்தம், மதியத்துக்கு மேல வேண்டாம். செஸ் செட்டு எல்லாம் நல்ல கனமான பிளாஸ்டிக் காய், ரோல் போர்டு, ஒரே அளவு, கிளாக் எல்லாம் டிஜிட்டல், அவங்களே குடுத்தாங்க, நாம ஒண்ணும் தூக்கிட்டுப் போக வேண்டாம். எங்க ரவுண்டுல ஒரு டேபிள்ல கிளாக் பேட்டரி நின்னு போச்சு, ரெண்டு நிமிஷத்துல வேற கிளாக் வந்து பழைய நேரத்த செட் பண்ணி குடுத்துட்டாங்க.

அடுத்த வருஷத்துக்கு அவங்ககிட்ட நான் நேர்ல சொல்லிட்டு வந்தது ரெண்டு தான், நேரத்துக்கு ஆரம்பிங்க, அந்த ஆர்பிட்டர் மிஸ்ஸ மறுபடி கூப்பிடுங்க. முதலாவதுக்கு பாக்கறோம்னாங்க, ரெண்டாவதுக்கு கண்டிப்பான்னாங்க. அந்த தஞ்சாவூர் பையனோட அம்மா நம்பர் வாங்கி வச்சிருக்கேன், லீவு விட்டதும் ரெண்டு பேரையும் ஒரு நாள் எங்க வீட்ல உக்கார வச்சு ஆட விடறதா பேச்சு, இவ இப்பவே அவனுக்கு எதிரா வெள்ளையில என்ன ஆடறதுன்னு சார நச்சரிச்சுக்கிட்டு இருக்கா.